அழுகின்ற இகரம்

கைப்பேசியில் நண்பர்கள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளுக்கிடையே (இ_இ) என்னும் குறி சில வேளைகளில் காணப்படும். தேர்வு நாள் அறிவிக்கப்பட்டதும் தில்லியில் இந்தி பேசும் மாணவி ஒருத்தியோ வங்காளம் பேசும் மாணவன் ஒருவனோ இதனை அனுப்பக்கூடும். அனுப்புவோர் இதனை அழுகின்ற முகம் என்றே கொள்வர். கண்களாக நிற்பது தமிழ் நெடுங்கணக்கின் மூன்றாம் உயிரெழுத்து என்பதை அவர்களுள் பலர் அறியார்.

எழுத்துகளைக் கொண்டு முகம் அமைக்கும் விளையாட்டு கணினியோடு வளர்ந்தது. 1982ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் ஃபால்மன் என்பார், வேடிக்கைக்காக எழுதியதை வேடிக்கை என்று உணர்த்த முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகியவற்றை வரிசையாக இட்டார். :-) என்னும் அம்முகத்தைக் காணத் தலையைச் சாய்க்க வேண்டும். யப்பானியர் அமைத்த முகங்களோ நிமிர்ந்து நிற்பவை. அவற்றில் உணர்ச்சியை வாயைவிடக் கண்களே மிகுதியாகக் காட்டும். எனவே அவர்கள் புதிய கண்களைத் தேடிக்கொண்டே இருந்தனர். வாய்க்கு உருசிய எழுத்து ஒன்று பயன்பட்டது. சினந்து நோக்கும் கண்களுக்குக் கன்னட எழுத்து ஒன்று உலகெங்கும் பரவியது. இந்தி படிப்போர் டகர வரிசையின் இரண்டாம் எழுத்தாக அறிந்த ஒலியின் கன்னட வடிவமே அது. கண்ணீர் வடிக்கும் பொறுப்பு நம் இகரத்திற்கு வாய்த்தது. அதன் சுழி கருவிழி போலவும், வளைந்து இறங்கும் கோடு வழியும் நீர் போலவும் அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தமிழெழுத்து யப்பானியர் கைக்கு எட்டியது ஒருங்குறியினால் ஆகும். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ஏற்பாடே ஒருங்குறி. அதன் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதற்கு முன்பும், அது பரவும் வரையிலும், தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனத் தனி எண் வரிசை கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் எழுதிய மடல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகக் கிடந்தது. இன்று அகரத்தின் எண் 2949. ஆகாரத்தின் எண் 2950. இகரத்தின் எண் 2951. தில்லியானாலும் டோக்கியோவானாலும் 2951 என்பது இகரமே.

ஒருங்குறியின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல வெற்றிடங்கள். இந்தி படிக்கும் மாணவர் இதன் காரணத்தை எளிதில் அறிவர். இந்திய எழுத்துகள் பலவும் ஒரே வரிசையில் இணையாக வைக்கப்பட்டமையால், இந்தியில் ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே வரும் மூன்று எழுத்துகளின் இடம் தமிழில் காலியாக உள்ளது. க 2965 எனில், ங 2969. யாரும் குடியேறாத அம்மூன்று அறைகளும் தமிழின் தனி இயல்பைச் சொல்லாமல் சொல்கின்றன.

இவ்வரிசையின் இறுதியில் சில பழம்பொருள்கள் உள்ளன. ௳ என்பது நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். இக்குறிகள் 2003இல் சேர்க்கப்பட்டன. தமிழ்ச் சுழியத்திற்கு 2005 வரை எண் கிடைக்கவில்லை. ௰ பத்தையும், ௱ நூறையும், ௲ ஆயிரத்தையும் குறித்த பழைய முறைக்குச் சுழியம் தேவைப்படவில்லை என்பதும் நினையத்தக்கது. பின்ன எண்களோ 2019இல்தான் இடம் பெற்றன. 320இல் ஒரு பங்காகிய முந்திரியும் அவற்றுள் ஒன்று. (பாயசத்தில் இடும் முந்திரி வேறு.) பல கைப்பேசிகளில் அதற்குரிய எழுத்துரு இல்லாமையால் வெறுங்கட்டமே தெரியும்.

எழுத்தை வைத்து விளையாடுவதில் தமிழர் யாருக்கும் பின்தங்கியவர் அல்லர். பழைய எண் முறையில் எட்டு என்பது அகரத்தை ஒத்தது. கால் என்பது வகர வடிவம். எட்டையும் காலையும் சேர்த்து எழுதினால் ‘அவ’ என்றாகும். இதனைக் கொண்டு ஔவையார் ஒருவரை ‘அவலட்சணம்’ என்று மறைவாக இகழ்ந்ததாகத் தனிப்பாடல் வழக்கு ஒன்று உண்டு. பாம்பு உருவில் எழுத்துகளை அடைக்கும் நாகபந்தம் முதலிய சித்திரகவிகளைத் தண்டியலங்காரம் கூறும். திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகம், முதலிலிருந்து படித்தாலும் இறுதியிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைந்தது. இவ்விளையாட்டுகளுக்கும் அழுகின்ற இகரத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாகபந்தத்தில் எழுத்து பாம்பின் உடலாக வளைந்தபோதும் தன் ஒலியை இழப்பதில்லை. யப்பானிய முகத்தில் இகரத்திற்கு ஒலியில்லை. அது கண் மட்டுமே.

தில்லியில் வளரும் தமிழ்ச் சிறுவர் பலர் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவர். தமிழ் கேட்டால் விளங்கும். ஆயினும் திருநெல்வேலியிலிருந்து பாட்டி எழுதி அனுப்பும் நான்கு வரிச் செய்தி அவர்களுள் பலருக்குச் சுழிகளும் கோடுகளுமாகவே தெரிகிறது. அம்மா படித்துச் சொன்ன பின் குரற்பதிவில் விடை போகிறது. பாட்டி கேட்டு மகிழ்வார். ஆனால் அம்மாவிடம் படிக்கக் கொடுக்கத் தயங்கும் செய்தியைப் பாட்டியால் பேரனுக்கு எழுத இயலாது. ‘உன் தாத்தாவுக்கு உடல்நிலை சரியில்லை, அம்மாவிடம் இப்போது சொல்லாதே, நீ மட்டும் ஒருமுறை பேசு’ என்பது போன்ற வரி, படிக்கத் தெரிந்த பேரனுக்கு மட்டுமே வரக்கூடியது.

சொற்பொருள்

நெடுங்கணக்கு – எழுத்துகளின் முழு வரிசை
ஒருங்குறி – எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் முறை
சித்திரகவி – ஓவிய வடிவில் எழுத்துகளை அமைத்துப் பாடும் செய்யுள்
பற்று – கணக்கில் பெற்றுக்கொண்ட தொகை

பயிற்சி

1. பதின்மூன்றைப் பழைய முறையில் ௰௩ என எழுதுவர். நும் வயதையும் வகுப்பையும் அவ்வாறே எழுதுக.

2. இகரத்தின் எண் 2951. ஊகாரம் வரை இடைவெளி இல்லையெனின், உகரத்தின் எண் யாது?

3. ‘விகடகவி’, ‘தேரு வருதே’ ஆகியவற்றை இறுதியிலிருந்து எழுத்து எழுத்தாகப் படித்துக் காண்க. இவை போன்ற சொல் ஒன்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

4. வீட்டிலுள்ள தமிழ்த் திருமண அழைப்பிதழில் ௵, ௴, ௳ ஆகிய குறிகள் உள்ளனவா என்று தேடுக. இருப்பின் அவ்வரியைப் பார்த்து எழுதுக.

5. ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு, முகக்குறி எதுவும் இடாமல், மூன்று வரிகள் தமிழில் எழுதி அனுப்புக. அவர் எழுதும் விடையைப் பிறர் உதவியின்றிப் படித்து வகுப்பில் கூறுக; கூற விரும்பாத வரி இருப்பின் விட்டுவிடலாம்.