நொச்சி சூடியோர்: பந்தாட்டத்திற் பின்காவலர்

கால்பந்தாட்டத்தில் பதினொருவர் ஓரணியாய் நிற்கின்றனர். கோல் அடித்தவன் பெயர் மறுநாட் செய்தித்தாளில் வருகின்றது. அடிக்கவொட்டாது தடுத்தவன் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. மாலைதோறும் கல்லூரித் திடலில் நாம் ‘பேக்’ என்றழைக்கும் பின்காவலரின் தொழிலுக்குக் கணக்கேடு இல்லை. அவர் செய்து முடிப்பது ஒரு நிகழ்ச்சியன்று; ஒன்று நிகழாதிருத்தல். நிகழாததை எங்ஙனம் எழுதிவைப்பது? இவ்வினாவைக் கைக்கொண்டு, நம் நாட்டுப் பின்காவலர் இருவரது ஆட்டவாழ்வை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வினா புதியதன்று. மதிலை முற்றுவோர் உழிஞை சூடுவர்; அதனைக் காப்போர் நொச்சி சூடுவர். தொல்காப்பியர் புறத்திணையை ஏழாக வகுத்தபொழுது, காப்போர்க்கெனத் தனித்திணை அளித்தாரல்லர். மதில் காத்தலும் உழிஞையுள்ளேயே அடங்கிற்று. பின்வந்த ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சியை வேறுபிரித்துத் தனிப்படலம் ஆக்கினார். இவ்விரண்டனுள் எது பொருந்துமென்பது எம் வகுப்பில் மணியடித்தாலும் ஓயாத வழக்கு. இலக்கணத்தில் தொல்காப்பியர் நெறியே நெறியென்று ஒப்புக்கொள்வோமாயினும், ஆடுகளத்தைப் பொறுத்தமட்டில் யாம் ஐயனாரிதனார் பக்கமே நிற்போம். மதுரையில் வாழும் நமக்கு மதில் என்பது ஏட்டுச்சொல்லாய்ப் போயிற்று. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச்சுவரை இடிப்பித்தார். அதனிடத்தே வெளிவீதிகள் எழுந்தன. ஆயினும், முற்றுவோரையும் காப்போரையும் ஒருங்கே காண விரும்புவோர்க்குப் பந்தாடும் திடல் இன்றும் உளது.

மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் நடைபெறும் சடுகுடுவை நோக்குக. பாடிவந்தவனை மடக்கிப் பிடித்தால், பிடித்த அணிக்கு ஒரு புள்ளி உண்டு. காத்தலும் அங்கே எண்ணப்படுகின்றது. கால்பந்தில் அஃதில்லை. பின்காவலர் நூறு பந்துகளைத் தடுத்தாலும் பலகையில் எண் மாறாது. ஒன்றைத் தவறவிட்டால் மாறும்.

அவர் தொழிலின் இயல்பையும் சிறிது கூறுதல் வேண்டும். பந்து தம் அணியினரால் முன்னே செலுத்தப்படும் வேளையில், தாக்குவோனுக்கும் எதிரணியின் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் நிற்றல் வேண்டுமென்பது பழைய விதி. 1925-இல் மூவர் இருவராக்கப்பட்டனர். தாக்குவோர்க்கு வழி அகன்றமையால், நடுக்களத்தில் நின்ற ‘சென்டர் ஹாப்’ பின்வாங்கிப் பின்காவலர் இருவர்க்கும் இடையே மூன்றாமவராய் நின்றார். 1958-இல் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் நாட்டார் பின்னணியில் நால்வரை நிறுத்தினர். ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் அம்முறையை நம் நாட்டணிக்குப் பயிற்றினார். முறை எதுவாயினும் நற்காவலர்க்குரிய திறன் ஒன்றே: எங்கே நிற்பது என்றறிதல். ஓரத்தே ஓடிவருபவனைக் கோலை நோக்கித் திரும்பவிடாது கோட்டருகே ஒதுக்கிச் செல்வது அவர் கலை. மண்ணிற் சறுக்கிப் பந்தைப் பறிப்பவனைக் கண்டு நாம் கைதட்டுகின்றோம். இரண்டடி முன்னரே உரிய இடத்தில் நின்றிருந்தால் அவன் சறுக்க நேர்ந்திராது.

இனிச் சைலேன் மன்னாவின் வரலாற்றை நோக்குவோம். 1924-இல் பிறந்த வங்காளியராகிய இவர், 1942 முதல் 1960 வரை கல்கத்தா மோகன் பகான் கழகம் ஒன்றிற்கே ஆடினார். பந்தாட்டம் அவர்க்குச் சோறிடவில்லை. இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறை அலுவலே சோறிட்டது. 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் ஆட்டத்திற்குச் சென்ற நம் அணியினருட் பெரும்பாலோர் வெறுங்காலினர். அணித்தலைவர் தாலிமேரன் ஆவோ நாகர்; மருத்துவ மாணவர். பிரான்சு நாட்டாரை எதிர்த்து நம்மவர் 1–2 எனத் தோற்றனர். அன்று நமக்குக் கிடைத்த தண்ட உதைகள் இரண்டும் வீணாயின. அவற்றுள் ஒன்றை உதைத்தவர் மன்னா. அதனை நாடு இன்றளவும் மறந்திலது.

1951-இல் புதுதில்லியில் முதல் ஆசிய விளையாட்டு நிகழ்ந்தபொழுது மன்னாவே அணித்தலைவர். இந்தோனேசியாவை 3–0, ஆப்கானித்தானத்தை 3–0, இறுதியில் ஈரானை 1–0 என வென்று நம்மவர் பொற்பதக்கம் கொண்டனர். இறுதி ஆட்டத்திற் கோல் அடித்த மேவாலாலின் பெயரைப் பந்தாட்டம் அறிந்தோர் யாவரும் அறிவர். மூன்று ஆட்டத்திலும் எதிரிகள் ஒரு கோலும் பெற்றிலர் என்பதை எத்துணைப் பேர் அறிவர்? மறு ஆண்டு, 1952-இல், ஹெல்சிங்கி நகரின் குளிரில் அதே மன்னாவின் தலைமையில் நம்மவர் யூகோசுலாவியாவிடம் 1–10 எனத் தோற்றனர். அந்தப் பத்து மட்டும் எல்லார் நாவிலும் நின்றது. சுழியைக் காவலர் கணக்கில் வரவு வையாத உலகம், பத்தை மட்டும் அவர் கணக்கிற் பற்றெழுதுவது என்ன நீதி? இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1953-இல் தன் ஆண்டேட்டில் உலகின் சிறந்த அணித்தலைவர் பதின்மருள் ஒருவராக மன்னாவைக் குறித்தது. பிறர் கண்டது நம் கண்ணிற் படவில்லை போலும். 1971-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2012-இல் அவர் மறைந்தார்.

இரண்டாமவர் ஜர்னைல் சிங். 1936-இற் பிறந்து, 1947-இல் நாடு பிரிந்தபொழுது சிறுவராய்க் குடும்பத்தோடு இப்பாற் போந்தவர். பஞ்சாபில் மகில்பூர் கால்சா கல்லூரித் திடலிற் பயின்று கல்கத்தா சென்றார். 1959 முதல் 1968 வரை அவரும் மோகன் பகான் காவலர். 1960-இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் ஆடினார். அஞ்சாது மோதிப் பந்தைக் கவர்பவர் என்று பெயர் பெற்றவர். 1964-இல் அர்ஜுனா விருது பெற்று, 1965 முதல் 1967 வரை இந்திய அணித்தலைவராய் விளங்கி, 2000-இல் கனடாவில் உயிர்நீத்தார்.

இவர் பெயரைச் சொன்னவுடன் யாவரும் கூறுவது 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டையே. தாய்லாந்துடன் ஆடியபொழுது தலையிற் பட்ட காயத்திற்குத் தையலிட்டனர். அடுத்து நிகழ்ந்த ஜப்பான் ஆட்டத்தில் அவர் இலர். அரையிறுதியிற் கட்டிட்ட தலையோடு வந்தவரைப் பயிற்சியாளர் ரஹீம் பின்னே நிறுத்தாது முன்னணி நடுவில் நிறுத்தினார். தென்வியட்நாமை 3–2 என வென்ற அவ்வாட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டம். நம்மை வெறுத்துக் கூவும் பெருங்கூட்டத்தின் நடுவே தென்கொரியருக்கு எதிராகப் பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் ஒரு கோலும் அடித்தனர். நம்மவர் 2–1 என வென்றனர். வீரச்செயலே, ஐயமில்லை. ஆயினும் ஒன்று நோக்குக: ஆசியாவிலேயே தலைசிறந்த பின்காவலருள் ஒருவரை நாம் நினைப்பது, அவர் பின்காவலராய் நில்லாத இரண்டு ஆட்டங்களால். மன்னாவை நினைப்பதோ தவறிய ஓர் உதையால்.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ‘தங்கப் பந்து’ எனும் பரிசு பிரான்சு நாட்டில் 1956 முதல் வழங்கப்படுகின்றது. 2025 முடிய அதனைப் பெற்ற பின்காவலர் மூவரே: செர்மானியர் பெக்கன்பாவர், சாம்மர், இத்தாலியர் கன்னவாரோ. சந்தை மட்டும் சற்று நேர்மையானது. 2019-இல் ஹாரி மக்வயர் எனும் ஆங்கிலக் காவலரைப் பெற மான்செஸ்டர் யுனைடெட் கழகம் 8 கோடிப் பவுன் கொடுத்தது. நம் நாட்டிலும் 1996-இல் தேசிய லீக்கும், 2007-இல் ஐ-லீக்கும், 2014-இல் இந்தியன் சூப்பர் லீக்கும் தோன்றியபின், ஆட்டமே தொழிலாய் வாழும் காவலர் தோன்றினர். மன்னாவின் காலத்தில் அஃது எண்ணத்திற்கும் எட்டாதது.

ஜகார்த்தா இறுதியாட்டத்திற்கு ஒருமுறை மீள்வோம். ஜர்னைல் முன்னே சென்றமையால் ஒழிந்த இடத்தையும் சேர்த்துக் காத்தவர் அருண் கோஷ், சந்திரசேகரன், திரிலோக் சிங் முதலியோர். அவர்க்குப் பின்னே கோல் வாயிலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். கொரியர் முயன்று முயன்று ஒரே ஒரு கோல் பெற்றனர். அதுவும் ஆட்டம் முடியுந் தறுவாயில்.