கொண்டை போட எட்டாத கை

அன்பு மக்களே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மைக்கு வலது தோள் நாலு மாதமாக வலிக்கிறது, ராத்திரி அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை, கொண்டை போடக் கை எட்டவில்லை என்று எழுதியிருந்தாய். வர்ம ஆசானிடம் கொண்டுபோய்த் தடவுவதா, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போவதா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் வீட்டிலேயே நீ ஒன்று செய்து பார்.

அவளை நிமிர்ந்து உட்காரச் சொல். முழங்கை இடுப்பை ஒட்டி இருக்கட்டும். மடக்கிய முன்கை நேராக முன்னால் நீளட்டும். முழங்கையை விலக்காமல் முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொல்லி, இடது கையோடு ஒப்பிட்டுப் பார். பிறகு நீயே அந்தக் கையைப் பிடித்து மெல்லத் திருப்பு; வலிக்கிற இடத்தில் நிறுத்திவிடு. அவள் திருப்பினாலும் நீ திருப்பினாலும் ஒரே இடத்தில் கை நின்றுபோனால், அது பெரும்பாலும் ஃப்ரோசன் ஷோல்டர். அவளால் தூக்க முடியாத கையை நீ தூக்கும்போது தடையில்லாமல் மேலே போனால் விஷயம் வேறு, தசைநாண் கிழிந்திருக்கலாம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிறவர்களும் கடற்கரையில் கரைமடி வலை இழுக்கிறவர்களும் சொல்லும் தோள்வலியில் தசைநாண் தேய்ந்ததும் கிழிந்ததும் நிறைய இருக்கும். வருஷக்கணக்கில் ஒரே கையால் ஒரே வேலை, அதுவும் கையைத் தூக்கியும் இழுத்தும்.

நம் உடம்பில் தோள் அளவுக்குச் சுழலும் மூட்டு வேறு இல்லை. சின்னத் தட்டில் பெரிய நார்த்தங்காயை வைத்ததுபோல, ஆழமில்லாத குழியில் மேற்கை எலும்பின் தலை உட்கார்ந்திருக்கிறது. அது நழுவாமல் நான்கு தசைகளின் நாண்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. அவற்றுக்கு உள்ளே மெல்லிய சவ்வுறை ஒன்று. அந்த உறை அழன்று, தடித்து, சுருங்குவதுதான் ஃப்ரோசன் ஷோல்டர். அமெரிக்க மருத்துவர் காட்மன் 1934-இல் அந்தப் பெயரை வைத்தார். நம் சித்த மருத்துவர்கள் இதைக் கும்பவாதம் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எலும்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லி அவள் வலியை யாரும் தள்ளிவிட விடாதே.

நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், அதிலும் பெண்களுக்குத்தான் இது கூடுதல். சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு வரும், ஆறுவதற்கும் நாளாகும். தைராய்டுக் கோளாறும் ஒரு காரணம். ஆகவே எந்த எண்ணெய் நல்லது என்று விசாரிப்பதற்கு முன்னால் அம்மைக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்துவிடு. தனக்குச் சுகர் இல்லை என்று அவள் சொல்வாள். பார்த்ததே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், கேட்டியா.

இனி ஆசான் விஷயம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வர்ம ஆசான்மாரின் கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன். சுளுக்கு, அடி, மூட்டு விலகல் என்று தலைமுறைகளாக அவர்கள் கையாண்டு வந்திருக்கிறார்கள். இளஞ்சூட்டு எண்ணெயும் ஒற்றடமும் அம்மைக்கும் இதமாக இருக்கும். ஆனால் வலி கொதித்து நிற்கும் இந்த நேரத்தில் கையை இழுத்து முறுக்க யாரையும் அனுமதிக்காதே, அது ஆசான் ஆனாலும் பிசியோதெரபிஸ்ட் ஆனாலும். அழன்ற உறை இன்னும் அழலும்.

இது ஃப்ரோசன் ஷோல்டர்தான் என்றால், முதல் சில மாதம் வலி; அப்புறம் வலி குறைந்து இறுக்கம்; கடைசியில் மெல்ல இளகும். எல்லாம் சேர்ந்து ஒன்று முதல் மூன்று வருஷம்வரை ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் தங்கியும் விடும். இதை அவளிடம் மறைக்காதே. எப்போது தீரும் என்று தெரியாத வலிதான் ஆளை உடைக்கிறது. கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரவும் விடாதே.

வெந்நீரில் குளித்த பிறகு, இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக ஆட்டச் சொல். அடுத்தது, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் நடந்து மேலே ஏறுவது. வலி தணிந்த பிறகு, குளிக்கிற துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து, நல்ல கையால் மேலே இழுப்பது. செய்யும்போது லேசாகப் பிடித்திழுத்தால் பரவாயில்லை. செய்து முடித்து வெகுநேரம் வலித்தால் அது அதிகம். மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கவும் ஏற்பாடு உண்டு. வெளியே போக முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள்.

சில வலிகள் தோளில் தெரியும், வேர் வேறெங்கோ இருக்கும். நடக்கும்போது இடது தோள் வலித்து, நெஞ்சு இறுகி, வியர்த்தால் எண்ணெய் தேடாதே, 108-ஐக் கூப்பிடு. எண்ணெய்ப் பலகாரம் தின்றபின் வலது விலாவுக்குக் கீழே வலித்துத் தோள்வரை பரவினால் பித்தப்பையைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு தோள் வீங்கினாலும், விழுந்தபின் கை தூக்க முடியாமல் போனாலும், கை மரத்துப் பலம் குறைந்தாலும் அன்றே டாக்டரிடம் போ.

ஆசாரிப்பள்ளத்தில் எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டும்போது மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று சொல்லக்கூடும். பயப்பட வேண்டாம். வலி மிகுந்த ஆரம்பக் கட்டத்தில் அது நன்றாகவே கேட்கும்; ராத்திரி தூக்கம் வரும், பயிற்சி செய்யவும் முடியும். ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் ரத்தப் பரிசோதனைச் சீட்டை மறக்காமல் கையில் கொண்டுபோ. கை எவ்வளவு திரும்பியது என்பதையும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா