தண்டவாளம் சொல்லும் பாடம்

நம் சங்கக் குடும்பங்களில் ரயில்வே, மின்சாரம், பொதுப்பணி போன்ற துறைகளில் கள ஆய்வாளர்களாக இருப்போர் உண்டு. வெயிலில் அலைவதைவிட அவர்களை வாட்டுவது மன அழுத்தமே. ‘சரியாக உள்ளது’ என்று கையெழுத்திட்ட பிறகும், ஏதேனும் விட்டுப்போயிற்றோ என்ற எண்ணம் வீடுவரை கூடவே வரும்.

இதைத் தண்டவாளத்தைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம், வெப்பம் 30 டிகிரி கூடினால், தடையின்றி விட்டால் ஏறக்குறைய 34 செ.மீ. நீளும். ஆனால் நீளமாகப் பற்றவைத்து ஸ்லீப்பர்களோடு இறுக்கிய தண்டவாளம் நீள முடியாது. அந்த விசை உள்ளேயே தங்கும். பார்வைக்குப் பாதை நேராகத்தான் இருக்கும். தாங்கும் எல்லை மீறினால் சட்டென்று பக்கவாட்டில் வளைந்துவிடும்.

இதைத் தவிர்க்க ‘டீஸ்ட்ரெஸ்ஸிங்’ செய்கிறார்கள். பிணைப்புகளைத் தளர்த்தி, தண்டவாளத்தை உருளைகள்மேல் ஏற்றி, இயல்பான நீளத்துக்கு வரவிட்டு, உரிய வெப்பநிலையில் மறுபடி இறுக்குவார்கள். அதுவரை அந்தப் பாதையில் வண்டி விடுவதில்லை. மனிதனுக்கும் அப்படித்தான்: வேலையைத் தலையில் சுமந்துகொண்டே எடுக்கும் ஓய்வு, ஓய்வாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: சக்தியெல்லாம் வற்றிய களைப்பு, வேலைமீது வெறுப்பு, திறன் குறைந்ததாகத் தோன்றுதல். இவை தென்பட்டால் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளலாம்.

1. பார்த்த குறையை அன்றே எழுதி மேலதிகாரிக்கு அனுப்புங்கள். எழுத்தில் ஏறியது மனத்தில் சுழல்வது குறையும்.

2. இரவுப்பணி முடிந்தால் முதலில் தூக்கம். கடைகண்ணி வேலையெல்லாம் பிறகு.

3. சக ஊழியர் ஒருவரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள். களைப்பை மறக்க மதுவை நாடவேண்டாம். அது தூக்கத்தையும் கெடுக்கும்.

4. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையோ மனச்சோர்வோ நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

வீட்டாருக்கும் ஒரு சொல். சொந்தபந்தம் தொலைவில் இருக்கும் நமக்கு, வாய்விட்டுப் பேச வீட்டை விட்டால் வேறு இடம் குறைவு. பணியிலிருந்து திரும்பியவர் பேசாதிருந்தால் கோபம் என்று எண்ணாதீர்கள். ஒரு டம்ளர் காபி கொடுத்து, அரைமணி நேரம் விட்டு, “இன்று எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். பிணைப்பைத் தளர்த்தும் முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும்.