அரங்கேற்ற வீடியோவை டிவிடியில் போடுவது எப்படி?

அரங்கேற்றம் முடிந்து சில வாரம் கழித்து ஸ்டுடியோக்காரர் ஒரு கூகுள் டிரைவ் லிங்க் அனுப்புவார். இறக்கிப் பார்த்தால் ஐந்தாறு ஃபைல்கள் இருக்கும். ஜதிஸ்வரமும் சப்தமும் ஒன்றில், தில்லானா தனியாக இன்னொன்றில். வர்ணம் மட்டும் நடு ஜதியில் அறுந்து அடுத்த ஃபைலில் தொடரும். ஆடிய பெண்ணுக்குப் போனில் பார்த்தால் போதும். ஊரில் இருக்கும் பாட்டிக்கு டிவிடி பிளேயர்தான் பழக்கம். இதற்காக உட்காருகிறவர்களில் பலர் முதல் வேலையாக எல்லா ஃபைலையும் ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தேவையே இல்லை.

அதற்கும் முன்னால் பாட்டி வீட்டு டிவியில் யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் புதிய எல்இடி டிவி என்றால் எம்பி4 ஃபைலைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாலே ஓடும், தரமும் குறையாது. டிவியில் இல்லாமல் டிவிடி பிளேயரில் மட்டும் யுஎஸ்பி இருந்தால் கதை வேறு. அந்தப் பிளேயர்களில் பெரும்பாலானவை டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகை ஏவிஐ ஃபைலோடு நின்றுவிடும். இன்றைய எம்பி4-க்குள் இருக்கும் எச்.264 அவற்றுக்குப் புரியாது. ஏவிஐ-யாக மாற்றி டேட்டா டிவிடியில் எழுதிக் கொடுக்கலாம், ஒரே டிவிடியில் நிறைய நேரம் அடங்கும். ஆனால் ஃபைல் பட்டியலைத் திறந்து அம்புக்குறியால் தேடிப் போக வேண்டும். வயதானவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எந்தப் பிளேயரிலும் ஓட வேண்டுமானால் முறையான டிவிடி-வீடியோதான். அதற்குப் படம் எம்பெக்-2 ஆக இருக்க வேண்டும். நம் நாட்டு பால் முறையில் அளவு 720 x 576, நொடிக்கு 25 ஃபிரேம். ஒலி 48 கிலோஹெர்ட்ஸில், ஏசி-3 ஆக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆக, இறக்கிய எச்.264 வீடியோவை ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் தெளிவு போகும். ஒட்டுவதற்காக ஒருமுறை, டிவிடிக்காக மறுமுறை என்று இரண்டு தடவை மாற்றினால் இழப்பும் இரண்டு தடவை. ‘இலவசமாக ஒட்டித் தருகிறோம்’ என்னும் இணையதளங்களில் பலவும் செய்வது இதைத்தான். போதாக்குறைக்கு ஓரத்தில் தங்கள் பெயரையும் பதித்துவிடும்.

எங்கே ஒட்ட வேண்டும் என்பதை உருப்படிதான் தீர்மானிக்கிறது. ஒரு ஃபைல் சப்தத்தோடு முடிந்து அடுத்தது வர்ணத்தோடு தொடங்கினால் ஒட்டவே வேண்டாம். டிவிடி தயாரிக்கும் மென்பொருளில் இரண்டையும் தனித்தனி டைட்டிலாகச் சேர்த்து, ஒன்று முடிந்ததும் அடுத்ததற்குப் போகும்படி அமைத்தால் போதும். நடுவில் கண நேரம் திரை கறுக்கலாம். உருப்படிகளுக்கு இடையில் அது உறுத்தாது; மெனுவில் நேராகத் தில்லானாவுக்குப் போகும் வசதியும் கிடைக்கும்.

வர்ணம் நடுவில் அறுந்திருப்பது வேறு விஷயம். பல கேமராக்களின் மெமரி கார்டு ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்ட முடியாது என்பதால், நட்டுவனார் எந்தச் சொல்லில் இருக்கிறார் என்று பாராமல் கேமரா அடுத்த ஃபைலுக்குத் தாவிவிடும். இதை மட்டும் மறுமாற்றம் இல்லாமல் ஒட்ட வேண்டும். கேமராவிலிருந்து அப்படியே வந்த எம்டிஎஸ் ஃபைல்கள் என்றால் விண்டோஸின் காப்பி கட்டளையிலேயே பைனரி முறையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கலாம், நன்றாக ஓடும். எம்பி4-க்கு அந்த வித்தை பலிக்காது, முதல் துண்டு மட்டுமே ஓடும். அதற்கு லாஸ்லெஸ்கட் அல்லது அவிடெமக்ஸ் நல்லது. இரண்டும் இலவசம். அவிடெமக்ஸில் வீடியோ, ஆடியோ இரண்டையும் ‘காப்பி’யில் வைக்க மறக்காதீர்கள். துண்டுகள் ஒரே கேமராவில், ஒரே அளவில் எடுத்தவையாக இருந்தால்தான் இந்த முறை சரிப்படும். மாமா போனில் எடுத்த துண்டைக் கேமரா துண்டோடு ஒட்டப் பார்த்தால் ஒலி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போகும்.

போன் வீடியோவில் இன்னொரு சிக்கல்: அது பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம். 25-க்கு இறக்கும்போது ஆறில் ஒரு ஃபிரேம் விழும். மேடைப் பேச்சில் யாருக்கும் தெரியாது, தீர்மானத்தில் கால் வேகமெடுக்கும்போது படம் வெட்டி வெட்டிப் போகும். முழுக்கவே போனில் எடுத்ததென்றால் பால் முறையை விட்டுவிட்டு என்டிஎஸ்சி-யில் செய்யுங்கள். அளவு 720 x 480, நொடிக்கு 29.97 ஃபிரேம். இங்கே விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். எத்தனை ஃபிரேம் என்பதை விஎல்சி-யின் கோடெக் தகவலில் பார்த்துக்கொள்ளலாம்.

டிவிடி தயாரிக்க என் தேர்வு டிவிடிஸ்டைலர். இலவசம், மெனு அமைக்கலாம், மாற்றும் வேலையையும் தானே செய்துகொள்ளும். டிவிடி ஃபிளிக் இதைவிட எளிது, ஆனால் அதைப் புதுப்பித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. காசு கொடுத்து வாங்கும் கன்வர்ட்எக்ஸ்டுடிவிடி-யில் கிளிக் குறைவு, அவ்வளவுதான். ஹேண்ட்பிரேக்கைப் பலர் பரிந்துரைப்பார்கள். அருமையான மென்பொருள்தான், ஆனால் அது டிவிடி-வீடியோவை உருவாக்காது.

ஒரு சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு மணி நேரம் அடைத்தால் நொடிக்கு 5 மெகாபிட் சொச்சம் கிடைக்கும், பார்க்கும்படி இருக்கும். மூன்று மணி நேரத்தையும் திணித்தால் மூன்றரைக்குள் அடங்க வேண்டும். ஜரிகையும் முத்திரை பிடித்த விரல்களும் கட்டம் கட்டமாகச் சிதையும். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடி இருக்கிறது, விலை கூடுதல், பழைய பிளேயர்கள் அடுக்கு மாறும் இடத்தில் திக்கும். இரண்டு டிவிடியாகப் பிரிப்பதே மேல்: வர்ணம் வரை ஒன்று, பதத்திலிருந்து மங்களம் வரை இன்னொன்று.

முதலில் ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்து விஎல்சி-யில் ஓட்டி, ஒட்டிய இடத்தில் தாளமும் காலும் சேர்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஐஎஸ்ஓ-வின் மேல் ரைட் கிளிக் செய்து, டிஸ்க் இமேஜை எழுதும் தேர்வைக் கொடுங்கள். ஃபைலைச் சும்மா டிவிடிக்குள் நகலெடுத்தால் பிளேயர் எதையும் காட்டாது. வேகம் 4x அல்லது 8x போதும். மேலே காகித ஸ்டிக்கர் வேண்டாம், சுழலும்போது சமநிலை கெட்டுப் படம் நிற்கும். மார்க்கர் பேனாவால் ‘1’, ‘2’ என்று எழுதினால் போதும்.