ஹெப்ரிடீஸ் கடலில் நீந்தப் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓபன் துறைமுகத்திலிருந்து பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றாத சிறு கப்பல்கள் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்குக் கிளம்புகின்றன. பகலில் பறவைகளும் சீல்களும் பார்த்து, இடையிடையே கடலில் இறங்கி நீந்துகிற பயணம். முதன்முறை போகிற இளையவர்களுக்குச் சில சொல்கிறேன்.

1. மே கடைசியிலிருந்து ஜூலை நடுவுக்குள் போங்கள். பஃபின் பறவைகள் ஏப்ரலில் வந்து, ஆகஸ்ட் பிறந்ததும் நடுக்கடலுக்குப் போய்விடும். தண்ணீர் இதமாவது ஆகஸ்டுக்குப் பிறகுதான். இதம் என்றால் 13, 14 டிகிரி! அந்த ஒன்றிரண்டு டிகிரிக்காகப் பஃபினை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

2. கிணற்றிலும் வாய்க்காலிலும் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும்: இங்கே குதிக்காதீர்கள். குளிர்நீர் தோலில் பட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் நீருக்கடியில் இருந்தால் கதை முடிந்தது. ஏணியைப் பிடித்து மெல்ல இறங்குங்கள். கழுத்தளவு வந்ததும் ஏணியை விடாமல் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் படபடப்பு அடங்கும். அதன் பிறகே கையை வீசலாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

3. நீந்துவதைவிடக் கரையேறுவதில்தான் சூட்சுமம். வெளியே வந்த பிறகும் இருபது, முப்பது நிமிடம் வரை உடலின் உள்சூடு இறங்கிக்கொண்டே போகும். நீருக்குள் ராஜாவாக இருந்தவர் கப்பல் தளத்தில் பல் கிட்டித்து நிற்பது இதனால்தான். அப்போது விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. பொத்தான் ஓட்டையில் நுழையாது, ஜிப்பின் நுனி பிடிபடாது. ஆகவே பொத்தான் வைத்த உடையே வேண்டாம். தளர்ந்த கம்பளிச் சட்டை, லாஸ்டிக் கால்சட்டை, தடித்த காலுறை, குல்லாய். உடுத்துகிற வரிசையிலேயே, முதலில் வேண்டியது மேலே இருக்கும்படி அடுக்கி வையுங்கள். ஈரத்தைக் களைந்து மேலுடம்பை முதலில் மூடுங்கள். சூடாக இனிப்புத் தேநீர் குடியுங்கள். உடனே வெந்நீர் ஷவருக்குள் ஓடினால் தலைசுற்றி விழ நேரிடும். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். "இன்னும் கொஞ்சம்" என்று தோன்றும்போதே ஏறிவிடுங்கள்.

4. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தீவுகளுக்கு இடையே நீரோட்டம் ஆறு போல ஓடும். ஜூரா, ஸ்கார்பா தீவுகளுக்கு நடுவே கோரிவ்ரெக்கன் என்ற நீர்ச்சுழல் இருக்கிறது. '1984' நாவலை எழுத ஜூராவில் தங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல், 1947இல் அங்கே படகின் இயந்திரத்தைப் பறிகொடுத்து ஒரு பாறைத் தீவில் ஒதுங்கி உயிர் பிழைத்தார். கேப்டன் காட்டும் விரிகுடாவில், அவர் சொல்லும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். இடுப்பில் ஆரஞ்சு மிதவை கட்டாயம்.

5. சீல் உங்களைத் தேடி வரலாம், நீங்கள் அதைத் தேடிப் போகக் கூடாது. சட்டம் குறித்துவைத்த ஓய்விடங்களில் படுத்திருக்கும் கூட்டத்தைக் கலைப்பது அங்கே குற்றம். பாஸ்கிங் சுறா பத்து மீட்டர் வரை வளரும், தின்பது மிதவையுயிர்களை. பயம் வேண்டாம், ஆனால் துரத்தாதீர்கள். பயப்பட வேண்டியது சிங்கப்பிடரி ஜெல்லிமீனுக்கு. செம்பழுப்புக் குடை தெரிந்தால் விலகுங்கள். அதன் இழைகள் பல மீட்டர் பின்னால் நீண்டு கிடக்கும்.

6. வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போடுங்கள். அலையில் சிக்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

7. செயின்ட் கில்டா கிடைத்தால் அதிர்ஷ்டம். வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், திறந்த அட்லாண்டிக்கில் இருக்கிறது. கடைசியாக எஞ்சிய 36 பேரும் 1930 ஆகஸ்டில் தாங்களாகவே கேட்டு வெளியேறிய தீவு அது. காற்று திரும்பினால் கப்பல் பாதியிலேயே திரும்பும். காசு கொடுத்தோமே என்று கேப்டனிடம் வாதாடாதீர்கள்.

8. பறவைத் தீவில் கால் வைக்கும் முன் உங்கள் பையைக் கொட்டி உதறிப் பாருங்கள். வளைகளிலும் தரையிலும் முட்டையிடும் பறவைகளுக்கு எலிதான் எமன். ஷியன்ட் தீவுகளில் பெரும்பாடுபட்டு ஒழித்து, 2018இல்தான் எலியில்லாத தீவுகளாக அறிவித்தார்கள். கப்பல்காரர் சோதிக்கக் கேட்டால் முகம் சுளிக்காமல் பையைத் திறந்து காட்டுங்கள்.