ஒரே திறவுகோல், பல கதவுகள்

‘கடவு’ என்னும் பழஞ்சொல்லுக்கு வழி என்பது பொருள். எனவே ‘கடவுச்சொல்’ என்னும் ஆக்கம் மிகப் பொருத்தமானதே. ஆனால் அச்சொல் உரியவருக்கு வழிவிடுவது போன்றே, அதனை அறிந்த அயலாருக்கும் வழிவிடும்.

மக்கள் தேர்ந்துகொள்ளும் சொற்கள் எத்துணை எளியவை என்பதை 1979ஆம் ஆண்டிலேயே ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831 சொற்கள் மிகக் குறுகியனவாகவோ, அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் எளிதிற் கிடைப்பனவாகவோ இருந்தன. நூற்றுக்கு எண்பத்தாறு! முப்பது ஆண்டுகள் கழிந்து 2009இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றுள் முதலிடம் பெற்றது 123456 என்பதே. கணினி வளர்ந்தது, பழக்கம் வளரவில்லை.

இதனினும் பெரிய கேடு, ஒரே சொல்லைப் பல இடங்களில் வழங்குவதாகும். 2012இல் பிற தளங்களிற் களவாடிய பெயர்களையும் கடவுச்சொற்களையும் கொண்டு டிராப்பாக்ஸ் கணக்குகள் சிலவற்றுள் கள்வர் நுழைந்தனர். அவ்வாறு திறக்கப்பட்டவற்றுள் ஒன்று அந்நிறுவன ஊழியர் ஒருவருடையது. பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அடங்கிய ஆவணம் அதனுள் இருந்தது. ஓரிடத்திற் கிடைத்த சொற்களை நூறு இடங்களில் இட்டுப் பார்க்கும் வேலையை இன்று கணினி நிரல்களே சலிப்பின்றிச் செய்கின்றன.

கணக்குகளுள் தலையாயது மின்னஞ்சலே. வேறு கணக்குகளின் சொல்லை மறந்தோமாயின், புதிது அமைக்கும் இணைப்பு பெரும்பாலும் அங்குதானே வருகிறது? ஆதலின் அதற்கு வேறெங்கும் வழங்காத நெடிய சொல் வேண்டும். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து அமைக்கலாம். எல்லாரும் அறிந்த செய்யுளடி ஆகாது. நினைவிற் கொள்ள இயலாதோர் குறிப்பேட்டில் எழுதிப் பெட்டகத்திற் பூட்டி வைக்கலாம். சிலர் இதனை மறுப்பர். எனினும் எங்கும் ஒரே சொல்லை வழங்குவதினும் இது மேல் என்பது என் கருத்து. கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் கேட்குமாறு அமைத்துவிட்டால், சொல் மட்டும் களவு போவதால் கதவு திறவாது. அவ்வெண்ணைத் தொலைபேசியிற் கேட்பவர் எவராயினும் சொல்லலாகாது.

கணக்கு ஏற்கெனவே பிறர் கைப்பட்டதாயின், சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிவிட்டு, மீட்புக்கான தொலைபேசி எண் நம்முடையதுதானா, அஞ்சல்கள் அறியாத முகவரி எதற்கேனும் திருப்பிவிடப்படுகின்றனவா என்றும் நோக்குதல் வேண்டும்.