யதாசக்தி: திருமணச் செலவுக்கு ஓர் அளவுகோல்

இல்லங்களில் நடைபெறும் பூஜையின் தொடக்கத்தில் சங்கல்பம் சொல்லப்படுகிறது. அதில் ‘யதாசக்தி’ என்ற சொல் பெரும்பாலும் இடம்பெறும். ‘இயன்ற அளவில்’ என்பது அதன் பொருள். ஒரு முழம் பூவுக்கும் ஒரு வாழைப்பழ நிவேதனத்திற்கும் இச்சொல்லைப் பொருத்திக்கொள்ளும் குடும்பம், மகளின் திருமணம் என்று வந்ததும் அதை மறந்துவிடுகிறது. அங்கே அளவுகோலாக அமைவது தன் சக்தி அன்று. சம்பந்தி வீட்டாரின் எதிர்பார்ப்பு, அல்லது சென்ற ஆண்டு உறவினர் ஒருவர் நடத்திய திருமணம்.

மீமாம்ச சாஸ்திரம் இக்கருத்தை நுட்பமாக ஆராய்கிறது. ஜைமினி சூத்திரங்களின் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு கேள்வி எழுகிறது. ஒரு வேள்விக்குப் பல அங்கங்கள் உண்டு. அவை அனைத்தையும் செய்ய இயலாதவன் வேள்வியையே விட்டுவிட வேண்டுமா? பயனை விரும்பிச் செய்யும் காம்ய கர்மத்தில் எல்லா அங்கங்களும் நிறைவுற வேண்டும். செய்தே ஆக வேண்டிய நித்திய கர்மத்திலோ, பிரதானமானதைச் செய்து, அங்கங்களை இயன்ற அளவு செய்தால் போதும் என்பது முடிவு. திருமணம் இவற்றுள் எதில் சேரும் என்பது தனி விவாதம். எது பிரதானம், எது அங்கம் என்று முதலில் பிரித்தறியும் அந்த முறையே இங்கு வேண்டுவது.

பிரதானம் எது?

ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரம் கூறும் விவாகச் சடங்குக்குத் தேவையான பொருள்கள் மிகச் சில: அக்னி, ஓர் அம்மி, ஒரு குடம் நீர், நெய், பொரி. மணமகன் மணமகளின் கரம் பற்றுகிறான், இருவரும் அக்னியை வலம் வருகிறார்கள், அம்மி மிதிக்கிறாள், சகோதரன் அள்ளித் தரும் பொரியை அவள் தீயில் இடுகிறாள், ஏழு அடிகள் வைக்கப்படுகின்றன. அவ்வடிகளில் முதலாவது உணவுக்காக, இரண்டாவது வலிமைக்காக, மூன்றாவது செல்வ வளர்ச்சிக்காக, ஏழாவது நட்புக்காக. செல்வம் வளர்க என்று அந்த மூன்றாம் அடி வைக்கப்படும் வேளையில், பெண்ணின் தந்தை வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிட்டு வந்து நிற்பது எத்தனை முரண்!

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும், சப்தபதி உள்ள சடங்கில் ஏழாம் அடி வைக்கப்பட்டதும் திருமணம் முழுமை பெறுகிறது என்கிறது. 2024-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், இந்துத் திருமணம் ஆடல் பாடலுக்கும் விருந்துக்குமான நிகழ்ச்சி அன்று, அது ஒரு புனிதச் சடங்கு என்று விளக்கியது. உரிய சடங்கு நடைபெறாதபோது பதிவுச் சான்றிதழ் மட்டும் அதைத் திருமணமாக்கிவிடாது என்றும் கூறியது. இன்று பல வீடுகளில் சங்கீத், மெஹந்தி, வரவேற்பு ஆகியவற்றிற்கு மாதக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். புரோகிதரிடம் மட்டும், ‘சீக்கிரம் முடித்துவிடுங்கள்’ என்கிறார்கள்.

கணக்கு எங்கே தொடங்குகிறது?

பெரும்பாலோர் செய்ய வேண்டியவற்றை முதலில் எழுதிக் கூட்டிவிட்டு, பிறகு பணத்தைத் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாக்க வேண்டும். கையில் உள்ளது எவ்வளவு என்பதே முதல் வரி.

ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தை மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெற இருப்பவர். திருமணத்திற்கென அவர் சேர்த்தது 4 லட்சம் ரூபாய். மகளின் சேமிப்பு 2 லட்சம். ஆக, 6 லட்சம். மாங்கல்யம், ஆடை, சடங்கு இவற்றுக்கு ஒன்றரை லட்சமும், எதிர்பாராச் செலவுக்கு அரை லட்சமும் ஒதுக்கினால் எஞ்சுவது 4 லட்சம். இலைக்கு 600 ரூபாய் வீதம் 200 பேருக்கு இருவேளை உணவு 2,40,000 ரூபாய் ஆகும். மீதமுள்ள 1,60,000-இல் ஓர் எளிய மண்டபம் அமையும். விருந்தினர் 500 பேர் ஆனால் உணவு மட்டுமே 6 லட்சம்! அழைப்பிதழின் தாளிலும் பூ அலங்காரத்திலும் சிக்கனம் தேடுவதால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மண்டபத்தின் அளவு, தங்கும் அறைகள், வாகனங்கள், தாம்பூலப் பைகள் அனைத்தும் விருந்தினர் எண்ணிக்கையைப் பின்தொடர்பவை.

குறையும் தொகைக்கு 14 சதவீத வட்டியில் 5 லட்சம் கடன் வாங்கி ஐந்து ஆண்டுகளில் அடைப்பதாயின், மாதத் தவணை ஏறத்தாழ 11,600 ரூபாய். மொத்தம் திருப்பித் தருவது 7 லட்சத்தை நெருங்கும். மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறும் அத்தந்தை, கடைசி இரண்டு ஆண்டுத் தவணைகளை ஓய்வூதியத்திலிருந்து தர வேண்டியிருக்கும்.

‘அழைக்காவிட்டால் உறவு முறியுமே’ என்ற அச்சம் பொய்யானதன்று. அழைப்பு விடுபட்டதைப் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. எனினும், 2020 மே மாதத்தில், பெருந்தொற்றின் காரணமாக, திருமணத்தில் 50 பேருக்கு மேல் கூடலாகாது என்று மத்திய அரசு வரையறுத்தது. அப்போது நடந்த திருமணங்கள் எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. கர்நாடகத்தின் தர்மஸ்தலத்தில் 1972 முதல் நடைபெற்றுவரும் இலவசக் கூட்டுத் திருமணங்களையும் இங்கு நினைக்கலாம்.

யதாசக்தி என்பது கஞ்சத்தனத்திற்கு மறைப்பு ஆகாது. இருப்பவன் இல்லாதவனைப்போல் நடித்துக் கொடையைக் குறைப்பதை ‘வித்த சாட்டியம்’ என்று தர்ம நூல்கள் கண்டிக்கின்றன. சமையற்காரரின் கூலியில் பேரம் பேசி மிச்சம் பிடித்து, அதை மேடை விளக்குகளில் செலவழிப்பதும் அவ்வகையே.

சீர்வரிசையிலும் இதே அளவுகோல் உண்டு. 1961-ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டம், கேட்காமல் தரப்படும் பரிசுகளை விலக்கின்றித் தடுக்கவில்லை. ஆனால் பெண் வீட்டார் மணமகனுக்குத் தருவது வழக்கத்தையொட்டியதாகவும், தருபவரின் பொருளாதார நிலைக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி, பரிசுகளின் விவரம், தோராய மதிப்பு, தந்தவர் பெயர், உறவுமுறை ஆகியவை எழுதப்பட்டு, மணமக்கள் இருவரும் கையொப்பமிட்ட பட்டியல் இருக்க வேண்டும். மொய் எழுதத் தவறாமல் ஒருவரை அமர்த்தும் வீடுகளில்கூட இந்தப் பட்டியலை எழுதுவோர் அரிது.